இரைப்பைக்கு ஒரு புதிய வாயில்

உணவுக்குழலில் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு முதலில் சோறு இறங்குவதில்லை. பின்னர்க் குழையப் பிசைந்த சோறும் இறங்குவதில்லை. அடுத்துக் கஞ்சி, அடுத்துப் பால். இறுதியில் தம் உமிழ்நீரையே விழுங்க மாட்டாமல் கையில் ஒரு கிண்ணத்தை ஏந்தியபடி உட்கார்ந்திருப்பார். இந்நோயின் கொடுமை யாதெனில், அடைப்புக்குக் கீழே இரைப்பை பழுதின்றி இருப்பதுதான். பசியும் பல வேளைகளில் அடங்குவதில்லை. உணவு பக்கத்தில் இருக்கிறது, அதைச் செரிக்கும் உறுப்பும் இருக்கிறது. இடையில் ஒரு சாண் வழி அடைபட்டுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தகைய நோயாளர் பலர் புற்றுநோய் உடலெங்கும் பரவி மாளவில்லை, பட்டினியால் மாண்டனர்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்கள், வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்ட உறவினரைக் காண மருத்துவமனைக்குச் சென்றபோது, அவருடைய மூக்கின் வழியே செல்லும் மெல்லிய குழாயையோ, மேல்வயிற்றில் பொருத்திய குழாயையோ பார்த்திருக்கலாம். 'டியூப் போட்டுவிட்டார்கள்' என்று தணிந்த குரலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் வழக்கம். அக்குரலில், இனி ஒன்றுமில்லை என்ற பொருள் ஒளிந்திருக்கும். இந்தக் குழாய் மனிதருக்குக் கிட்டிய வரலாறு அந்தப் பொருளுக்கு நேர்மாறானது. அவ்வரலாற்றையே இங்குக் கூற விழைகிறேன்.

விழுங்க முடியாதவருக்குக் குழாய் வழியே உணவு தரலாம் என்ற எண்ணம் பழையது. லண்டனில் புகழ்பெற்ற ரண சிகிச்சை நிபுணரான ஜான் ஹண்டர், விழுங்கும் தசைகள் செயலற்றுப்போன ஒரு நோயாளிக்குத் திமிங்கில எலும்பின் மீது விலாங்கு மீனின் தோலைப் போர்த்து, அதை இரைப்பை வரை செலுத்தி உணவு புகட்டினார். 1793 இல் அதைப் பற்றிய கட்டுரையும் வெளியாயிற்று. ரப்பர் பதப்படுத்தும் முறை அறியப்படாத காலத்தில், வளையவும் வேண்டும், கிழியாமலும் இருக்கவேண்டும் என்று தேடியவருக்கு விலாங்குத் தோல்தான் அகப்பட்டது. ஆனால் வழியே முற்றிலும் அடைபட்டால் எந்தத் தோலும் உதவாது. அப்போது மருத்துவர்கள் மலவாயின் வழியே மாட்டிறைச்சிச் சாற்றையும் முட்டையையும் மதுவையும் செலுத்திப் பார்த்தனர். 1881 இல் துப்பாக்கியால் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டுக்குக்கூட இம்முறையில் உணவு தந்தார்கள். பெருங்குடல் நீரையும் உப்பையும் உறிஞ்சுமேயன்றி உணவின் சத்தை அதிகம் உறிஞ்சாது என்பதை இன்று நாம் அறிவோம். நோயாளிக்கு எதையோ செய்கிறோம் என்ற ஆறுதல் மருத்துவருக்குக் கிட்டியது. நோயாளிக்குக் கிட்டியது சிறிது நீர்.

அப்படியானால், அடைப்புக்குக் கீழே வயிற்றின் வழியாகவே இரைப்பையைத் திறந்தால் என்ன?

இக்கேள்வி திடீரென்று எழவில்லை. 1635 ஆம் ஆண்டிலேயே கோனிக்ஸ்பர்க் நகரில், தவறிக் கத்தியை விழுங்கிவிட்ட ஓர் உழவரின் வயிற்றைத் திறந்து, இரைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார் டேனியல் ஷ்வாபே என்னும் ரண வைத்தியர். அந்த உழவர் பிழைத்தார். இரைப்பையைத் தொட்டவன் பிழைக்கமாட்டான் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு மறுப்பு. எனினும் அது அருமையாக நிகழும் வியப்பாகவே கருதப்பட்டது.

அதனினும் பெரிய வியப்பு 1822 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஏரிகளுக்கிடையே உள்ள மாக்கினா தீவில் நிகழ்ந்தது. மென்மயிர்த் தோல் வணிகக் கம்பெனி ஒன்றில் படகோட்டியாகப் பணிபுரிந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடிய இளைஞரின் இடப்புறத்தில், மிக அருகிலிருந்து தவறுதலாக வெடித்த துப்பாக்கியின் குண்டு பாய்ந்தது. விலா எலும்புகள் சிதறின. இரைப்பையில் துளை விழுந்தது. அவர் இறந்துவிடுவார் என்றே இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் எண்ணினார். இளைஞர் இறக்கவில்லை. ஆனால் துளையும் மூடவில்லை. இரைப்பையின் சுவர் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வெளியிலிருந்து உள்ளே பார்க்கக்கூடிய ஒரு நிரந்தர வாயில் அமைந்துவிட்டது. உள்ளிருந்து ஒரு சவ்வு மடிந்து வந்து அதற்குக் கதவு போலாயிற்று. விரலால் தள்ளினால் திறக்கும்.

போமண்ட் பட்டு நூலில் இறைச்சித் துண்டுகளைக் கட்டி அவ்வழியே இறக்கி, எத்தனை மணி நேரத்தில் எது கரைகிறது என்று குறித்துக்கொண்டார். 1833 இல் வெளிவந்த அவர் நூலில் இருநூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள் பதிவாகியுள்ளன. செரிமானத்தைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி அந்த ஏழைப் படகோட்டியின் வயிற்றிலிருந்து கிடைத்தது. அவரோ அந்தச் சோதனைகளை விரும்பியவர் அல்லர். ஒருமுறை சொல்லாமல் கனடாவுக்குத் திரும்பிச் சென்றதும் உண்டு. புகழ் மருத்துவருக்குச் சேர்ந்தது. இதில் நியாயம் எவ்வளவு என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். நம் பொருளுக்கு வேண்டிய செய்தி வேறு: இரைப்பையில் ஒரு துளையோடு ஒருவர் உண்டு, உழைத்து, மணந்து, மக்களைப் பெற்று வாழமுடியும் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்துவிட்டது.

1837 இல் நார்வே நாட்டு இராணுவ மருத்துவரான எகெபர்க், தம் நாட்டு மருத்துவர் கழகத்தில் அந்த அடுத்த அடியை வைத்தார். விழுங்கிய பொருளை எடுக்க இரைப்பையைத் திறக்கலாமென்றால், உணவுக்குழல் அடைபட்டவருக்கு உணவைச் செலுத்த ஏன் திறக்கக்கூடாது என்பது அவர் வினா. அவர் தாமே அதைச் செய்யவில்லை. 1842 இல் மாஸ்கோவில் பாசோவும், அடுத்த ஆண்டு பிரெஞ்சு நாட்டின் நான்சி நகரில் புளொண்ட்லோவும் நாய்களின் இரைப்பையில் இத்தகைய வாயிலை அமைத்துக் காட்டினர். நாய்கள் நலமாக வாழ்ந்தன.

மனிதரிடம் முதலில் துணிந்தவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இராணுவ மருத்துவப் பேராசிரியராயிருந்த சார்ல்ஸ் செடியோ. 1849 நவம்பர் 13 ஆம் நாள், உணவுக்குழல் புற்றுநோயால் அடைபட்ட ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்து இரைப்பையில் குழாய் வைத்தார். நோயாளி அறுவையிலிருந்து தேறவில்லை, விரைவில் இறந்தார். 1853 இல் மீண்டும் முயன்றார். அந்த நோயாளி சில நாட்கள் இருந்து, வயிற்றின் உட்சவ்வில் அழற்சி பரவி மாண்டார். லண்டனில் கைஸ் மருத்துவமனையின் கூப்பர் ஃபார்ஸ்டர் 1858 இல் முயன்றார். அதுவும் மரணத்தில் முடிந்தது. இவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக, கால் நூற்றாண்டுக் காலம், ஐரோப்பாவின் தேர்ந்த கரங்கள் இந்த வாயிலைத் திறந்தன. திறந்தவுடன் நோயாளிகள் இறந்தனர்.

ஏன் இறந்தார்கள் என்பதைச் சற்று விரித்துக் கூறவேண்டும். பின்னர் வந்த மாறுதல்கள் அனைத்தும் இந்த ஒரு வினாவுக்கு விடைகளே. இரைப்பை வயிற்றுச் சுவரோடு ஒட்டியிருக்கும் உறுப்பன்று. உள்ளே தளர்வாகத் தொங்குவது. வயிற்றுச் சுவரில் ஒரு துளை, இரைப்பையில் ஒரு துளை என்று இரண்டு திறக்கவேண்டும். அவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி, இடையில் கசிவின்றி ஒட்டச் செய்யவேண்டும். ஒட்டுமுன் ஒரு துளி இரைப்பை நீரோ பாலோ நடுவில் கசிந்தால், அது உட்சவ்வில் பரவி அழற்சியை மூட்டும். செயின்ட் மார்ட்டினின் உடலில் அந்த ஒட்டுதல் தானாக நேர்ந்தது. அதுவே அவர் நல்வினை. செடியோவின் நோயாளிகளுக்கு அது வாய்க்கவில்லை.

மயக்க மருந்து 1846 இலேயே வந்துவிட்டது. ஆகவே வலி ஒரு தடையன்று. ஆனால் கருவிகளையும் கைகளையும் கிருமி நீக்கவேண்டும் என்ற அறிவு வரவில்லை. மேலும், மருத்துவர்கள் இந்த அறுவையைக் கடைசி முயற்சியாகவே வைத்திருந்தனர். நோயாளி வாரக்கணக்கில் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிய பிறகே கத்தியை எடுத்தனர். வற்றிய உடலில் புண் ஆறாது. இன்றும் இதே தவறு சில குடும்பங்களில் வேறு உருவத்தில் நடக்கிறது: எடை பாதியாகக் குறையும் வரை குழாயைத் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு அதனால் பயனில்லை என்று கூறுவது.

இத்தனை தோல்விக்குப் பிறகும் அவர்கள் தொடர்ந்தது சரிதானா? நோயாளியின் உடலை வைத்துச் சூதாடினார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் மாற்று வழி என்ன இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். அந்த நோயாளிகளுக்கு முன்னால் இருந்த மற்றொரு முடிவு, அறிவு தெளிவாக இருக்கும்போதே, பசியோடும் தாகத்தோடும் நாள் நாளாக உலர்ந்து சாவது. அந்த முடிவை நேரில் கண்ட மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க இயலாதவராயினர். என் கருத்தில், அவர்களைக் குறைகூறுவதாயின், காலங்கடந்து துணிந்தார்கள் என்பதற்காகவே குறைகூறவேண்டும்.

1867 இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் கிருமியிலிருந்து காக்கும் முறையை வெளியிட்டார். நிலைமை மெல்ல மாறியது. 1875 இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சிட்னி ஜோன்ஸ் இந்த அறுவையைச் செய்த நோயாளி நாற்பது நாள் வாழ்ந்து, பின்னர் நெஞ்சு நோயால் இறந்தார். நாற்பது நாள் என்பது இன்று நமக்குச் சிறிதாகத் தோன்றும். அன்று அது பெரும் செய்தி. வாயில் திறந்தும் ஒருவர் அதனால் சாகவில்லை என்பதற்கு அது முதற்சான்று. அடுத்த ஆண்டே பாரிஸில் வெர்னேய், காரப்பொருளை விழுங்கி உணவுக்குழல் சுருங்கிப்போன ஓர் இளைஞருக்கு இதைச் செய்து வெற்றி கண்டார். இரைப்பையை முதலில் வயிற்றுச் சுவரோடு தைத்து, சில நாட்கள் கழித்து இரண்டும் ஒட்டிய பின்னரே துளையிடும் இரு கட்ட முறையும் கையாளப்பட்டது. இயற்கை செயின்ட் மார்ட்டினுக்குச் செய்ததை ஊசியும் நூலும் கொண்டு செய்தனர்.

இவ்விடத்தில் ஒரு செய்தி. செடியோ தம் முதுமையில், 1878 இல், கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமிகளைக் குறிக்க ஒரு புதுச் சொல்லை முன்மொழிந்தார். அதுவே 'மைக்ரோப்' என்ற சொல். தம் நோயாளிகளைக் கொன்ற பகைவனுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே.

உயிர் பிழைப்பது கைகூடியதும் அடுத்த தொல்லை முன்னே வந்தது. துளையைச் சுற்றிக் கசிவு. இரைப்பை நீர் அமிலமானது. அது தோலில் படப்படத் தோல் வெந்து புண்ணாகும். நோயாளி பட்டினியிலிருந்து தப்பி எரிச்சலில் வாழ்ந்தார். ஜெர்மனியின் ஆஸ்கர் விட்செல் 1891 இல் ஒரு வழி கண்டார். குழாயை நேராக உள்ளே குத்தாமல், இரைப்பையின் வெளிச்சுவர் மீது சிறிது தூரம் படுக்கவைத்து, இருபுறமும் சுவரை இழுத்து அதன்மேல் மூடித் தைத்தார். குழாய் ஒரு சுரங்கத்தின் வழியே செல்வது போலாயிற்று. 1894 இல் அமெரிக்க மருத்துவர் மார்ட்டின் ஸ்டாம் இதைவிட எளிய முறையைக் கூறினார். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிவைத்த சுருக்குப்பையை நேயர்கள் அறிவார்கள். அதன் வாயைச் சுற்றிக் கயிறு ஓடும். கயிற்றை இழுத்தால் வாய் குவிந்து மூடும். ஸ்டாம் குழாயைச் சுற்றி இரைப்பைச் சுவரில் அப்படியே வட்டமாக நூலை ஓட்டி இழுத்தார். வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம். குவிந்த சுவர் உட்புறமாக மடிந்து குழாயை இறுகப் பற்றியது. வயிற்றைத் திறந்து குழாய் வைக்கவேண்டிய நிலையில் இன்றும் ரண சிகிச்சையாளர் பலர் செய்வது இந்தச் சுருக்குப்பைத் தையலே.

உணவைப் பற்றியும் ஒரு சொல். 1877 இல் ஜெர்மானியப் பேராசிரியர் டிரெண்டலன்பர்க் ஒரு சிறுவனுக்கு இந்த வாயிலை அமைத்தார். அவன் உணவை வாயிலிட்டு மென்று, சுவைத்து, பிறகு ஒரு ரப்பர் குழாயின் வழியே அதைத் தன் இரைப்பைக்குள் தானே செலுத்திக்கொண்டான். உண்பது என்பது சத்தை உள்ளே தள்ளுவது மட்டுமன்று என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

1921 ஆம் ஆண்டில் இரண்டு பெயர்கள் இவ்வரலாற்றில் நுழைகின்றன. கைஸ் மருத்துவமனையின் ஜான் ரைல், இரைப்பை நீரைச் சிறிது சிறிதாக எடுத்து ஆராய்வதற்காக நுனியில் எடை கோத்த மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை அமைத்தார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆபிரகாம் லெவின், மூக்கின் வழியே செலுத்தக்கூடிய குழாயை வெளியிட்டார். அமெரிக்க மருத்துவமனைகளில் லெவின் பெயர் நிலைத்தது. நம் நாட்டு மருத்துவமனைகளில் மூக்குக் குழாய்க்கு இன்றும் 'ரைல்ஸ் டியூப்' என்றே பெயர். ஆராய்ச்சிக்கென்று பிறந்த குழாய் உணவு புகட்டும் குழாயாகவே நம் வீடுகளில் அறியப்படுகிறது.

அதே குழாய் எதிர்த்திசையிலும் பயன்படலாயிற்று. 1930களின் தொடக்கத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓவன் வாங்கன்ஸ்டீன், குடல் அடைபட்டவர்களுக்கு மூக்குக் குழாயை இறக்கி, உயரத்தில் ஒரு புட்டியும் தாழ்வில் ஒரு புட்டியும் வைத்து, நீர் இறங்கும் விசையாலேயே வயிற்றிலுள்ள காற்றையும் நீரையும் இடைவிடாது உறிஞ்சி வெளியேற்றினார். விலை உயர்ந்த பொறி எதுவும் இல்லை. புட்டிகளும் ரப்பர் குழாயும்தான். குடல் அடைப்பால் நேர்ந்த மரணங்கள் பெரிதும் குறைந்தன.

எனினும் மூக்குக் குழாய் நெடுநாள் தங்கும் விருந்தாளியன்று. சில வாரங்கள் சென்றால் மூக்கு புண்ணாகும், தொண்டை உறுத்தும், இருமவும் பேசவும் தடை. முகத்தில் குழாயோடு வெளியே செல்ல நோயாளி கூசுவார், கண்ணாடியைக்கூடப் பார்க்கமாட்டார். வயிற்றின் வழியே குழாய் வைக்கவோ முழு அறுவையும் முழு மயக்கமும் வேண்டும். மெலிந்த புற்றுநோயாளிக்கு அது பெருஞ்சுமை. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் இவ்விரண்டுக்கும் இடையே வேறு வழி காணப்படவில்லை.

அவ்வழி திறந்தது 1979 ஜூன் 12 ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில். திறந்துவிட்டவர்கள் குழந்தைகளுக்கான ரண சிகிச்சை நிபுணர் மைக்கேல் காடரர், எண்டாஸ்கோப் கருவியில் தேர்ந்த ஜெஃப்ரி பான்ஸ்கி ஆகிய இருவர். நோயாளியோ விழுங்க இயலாத நாலரை மாதக் குழந்தை. முறையின் எளிமையே அதன் அழகு. நுனியில் விளக்குள்ள எண்டாஸ்கோப்பை வாய் வழியே இரைப்பைக்குள் செலுத்தி, காற்றை நிரப்பினார்கள். காற்று நிரம்பிய இரைப்பை உப்பி வயிற்றுச் சுவரை வந்து தொடும். அறையின் விளக்கைக் குறைத்தால், உள்ளிருக்கும் ஒளி தோலின் வழியே செந்நிறமாகத் தெரியும். ஒளி தெரியும் இடத்தில் இரைப்பைக்கும் தோலுக்கும் இடையே வேறு உறுப்பு இல்லை என்று பொருள். அவ்விடத்தில் ஊசியைக் குத்தி, அதன் வழியே ஒரு நூலை உள்ளே விட்டு, உள்ளிருக்கும் கண்ணியால் நூலைப் பற்றி வாய் வழியே வெளியே இழுத்தார்கள். நூலின் அந்த முனையில் குழாயைக் கட்டி, வயிற்றுப்புற முனையை இழுக்க, குழாய் வாய் வழியே இறங்கி, இரைப்பைக்குள் புகுந்து, வயிற்றின் துளை வழியே வெளியே வந்தது. குழாயின் உள்முனையில் காளான் குடை போன்ற தடிப்பு இருந்ததால் அது உருவி வெளியேறவில்லை. அக்குடையே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு அணைத்துப் பிடித்தது. சில வாரங்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. செடியோவைத் தோற்கடித்த அந்த ஒட்டுதல், தையல் ஒன்றுமின்றி நிறைவேறியது.

அடுத்த ஆண்டு இம்முறை அச்சில் வெளிவந்தது. குழந்தைகளுக்கென்று தோன்றியது வெகு விரைவில் பெரியவர்களுக்கும், குறிப்பாகத் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளர்க்கும் உரியதாயிற்று. நம் மருத்துவமனைகளில் இதைப் 'பெக்' என்று சுருக்கமாக அழைப்பர். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஒரு கட்டி வெல்லம் கரையும் நேரத்தில் முடிந்துவிடும் என்று கூறினால் மிகையாகாது. கழலை பெரிதாகி எண்டாஸ்கோப் நுழைய வழியில்லையெனில், எக்ஸ்ரே படத்தின் துணையோடு வெளியிலிருந்தே இரைப்பையில் குழாய் வைக்கும் முறையும் 1980களில் வளர்ந்தது. வாய் வழியே இழுக்கப்படும் குழாய், தொண்டைக் கழலையின் அணுக்களைச் சுமந்து சென்று வயிற்றுத் துளையில் விதைப்பது மிக அரிதாக நேர்ந்ததுண்டு; ஆகவே அத்தகைய நோயாளிகளுக்கு வெளியிலிருந்து வைக்கும் முறையைச் சில மருத்துவர்கள் விரும்புகின்றனர்.

இனி, குழாயின் இரண்டாவது பயனுக்கு வருவோம். இதைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

சூற்பை, பெருங்குடல், இரைப்பை, கணையம் ஆகியவற்றில் தோன்றிய புற்றுநோய் முற்றி வயிற்றின் உட்சவ்வெங்கும் பரவும்போது, குடல் ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் நெரிபடுகிறது. அறுத்து இணைப்பதற்கு இடமில்லை. மனிதர் ஒன்றும் உண்ணாவிட்டாலும், நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் உமிழ்நீரும், இரண்டு லிட்டர் அளவுக்கு இரைப்பை நீரும், அவற்றோடு பித்தமும் பிற நீர்களும் சுரந்துகொண்டேயிருக்கும். கீழே செல்ல வழியில்லாதபோது அவை மேலே வரவேண்டும். நாளெல்லாம் வாந்தி, இரவெல்லாம் வாந்தி. மூக்குக் குழாய் வைத்தால் வாந்தி நிற்கும். ஆனால் எஞ்சிய வாழ்நாளைக் கட்டிலோடும் புட்டியோடும் கழிக்கவேண்டும்.

உணவு புகட்டப் பிறந்த வாயில் இங்கே மறுபுறமாகத் திரும்புகிறது. 1980கள் முதல், இத்தகைய நோயாளரின் இரைப்பையில் பெக் முறையில் சற்று அகலமான குழாயை வைத்து, அதன் வெளிமுனையை ஒரு பையோடு இணைக்கும் வழக்கம் பரவியது. இரைப்பையில் சேர்வதெல்லாம் பையில் வடிந்துவிடும். குழாய்களின் அகலத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் வகுத்த அளவிலேயே இன்றும் சொல்கிறார்கள். மூன்று 'பிரெஞ்சு' ஒரு மில்லிமீட்டர். வடிகாலுக்கு இருபது பிரெஞ்சுக்கும் மேற்பட்ட குழாயை விரும்புவர். குறுகிய குழாய் எளிதில் அடைத்துக்கொள்ளும்.

பலருக்கு முதல் நாளிலேயே வாந்தி அடங்குகிறது. முகத்திலிருந்து குழாய் அகல்கிறது. சட்டைக்குள்ளோ புடவை மடிப்புக்குள்ளோ பையை மறைத்துக்கொண்டு எழுந்து நடக்கலாம். மருத்துவமனையை விட்டு வீடு திரும்பலாம். யாவற்றினும் மேலாக, மீண்டும் வாயால் பருகலாம். காலையில் ஒரு மிடறு காப்பி, நண்பகலில் நீர்மோர், மாலையில் வடிகட்டிய ரசம். பருகியது சிறிது நேரத்தில் தன் நிறத்தோடு பையில் வந்து சேரும். அதனால் உடலுக்குச் சத்து கிட்டாது. யாரும் அப்படி நினைக்கவும் வேண்டாம். ஆனால் பல வாரம் நாவறண்டு கிடந்தவருக்கு அந்த மிடறு எவ்வளவு பெரியது என்பதை அருகிருந்து பார்த்தவர்களே அறிவர். சத்தும் தரவேண்டிய நிலையிருந்து, இரைப்பையின் வெளிவாய் மட்டுமே அடைபட்டிருந்தால், ஒரே துளை வழியே இரு கால்வாய்கள் கொண்ட குழாயைச் செலுத்தி, ஒன்றால் இரைப்பையை வடித்து, மற்றொன்றால் சிறுகுடலுக்கு உணவு தருவதும் உண்டு.

குழாய் எல்லாவற்றுக்கும் மருந்தன்று. புற்றுநோயை அது குணப்படுத்தாது. வாழ்நாள் சில நாட்களே எஞ்சியிருக்கும்போது உடல் தானே உணவை மறுக்கிறது. அப்போது குழாய் வழியே கஞ்சியைத் தள்ளுவது இருமலையும் வீக்கத்தையும் கூட்டுமேயன்றி வலிமை தராது. பெற்றவரைப் பட்டினி போடுகிறோமே என்று மக்கள் தவிக்கும் தவிப்பு இயல்பானது. நம் மரபில் சோறிடுவதே அன்பின் முதல் வடிவமாதலால், அந்தத் தவிப்பு நமக்குச் சற்று மிகுதியாகவே உண்டு. அந்நேரத்தில் உதட்டை நனைக்கும் ஒரு கரண்டி நீரும் அருகில் அமர்வதும் குழாயைவிடப் பெரியவை. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கவேண்டியதில்லை. கேட்கவேண்டிய வினா ஒன்றே: இந்தக் குழாய் எதற்காக? சிகிச்சையைத் தாங்கும் வலிமைக்கா, வாந்தி நிற்பதற்கா, அல்லது வேறு எதுவும் செய்யமுடியாததற்காகவா?

நம் நாட்டில் இவ்வினா அடிக்கடி எழக் காரணமுண்டு. புகையிலையையும் பாக்கையும் மெல்லும் பழக்கத்தால், இந்திய ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. 1941 இல் மும்பை பரேலில் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனைக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையத்துக்கும் வருவோரில் இத்தகைய நோயாளர் ஏராளம். வாயிலும் தொண்டையிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவருக்கு, ஏழெட்டு வாரம் வாயெல்லாம் வெந்து, தண்ணீரும் நெருப்பாக இறங்கும். அக்காலத்தில் எடை குறைந்தால் சிகிச்சையை இடையில் நிறுத்த நேரிடும். நிறுத்தினால் நோய் தலைதூக்கும். அவர்களுக்குக் குழாய் ஒரு பாலம். வெந்த புண் ஆறும் வரை ஆற்றைக் கடக்க உதவுவது. குழாய் இருக்கும்போதும் இயன்ற அளவு வாயால் விழுங்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். பயன்படாத விழுங்கு தசைகள் தம் வேலையை மறந்துவிடும்.

வீட்டில் இதைப் பேணுவது கடினமன்று. உணவு தரும்போதும், தந்தபின் அரைமணிக்கு மேலும், நோயாளி சாய்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும். படுத்திருந்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குச் செல்லக்கூடும். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவவேண்டும். மாத்திரைகளை நன்றாகப் பொடித்துக் கரைக்கவேண்டும். கஞ்சியை வடிகட்டாமல் ஊற்றினால் ஒரு பருக்கை போதும், குழாய் அடைபட. வைத்த முதல் சில வாரத்துக்குள் குழாய் தவறி வெளியே வந்துவிட்டால், அதை நாமே திரும்பச் செருகக்கூடாது. ஒட்டுதல் இன்னும் முற்றாத காலம் அது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

சிகிச்சை முடிந்து, விழுங்கும் திறன் திரும்பி, எடையும் நிலைத்தபின் ஒரு நாள் மருத்துவர் குழாயை உருவிவிடுவார். செயின்ட் மார்ட்டினின் வாயில் மூடவேயில்லை. அவர் போமண்டுக்குப் பின்னும் வாழ்ந்து, 1880 இல் இறந்தபோதும் அது திறந்தே இருந்தது. இன்றைய துளையோ பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானே சுருங்கி மூடத் தொடங்கும். சில வாரத்தில், தொப்புளுக்கு மேலே இடப்புறமாக, இன்னொரு சிறிய தொப்புள் போன்ற தழும்பு மட்டும் எஞ்சும்.